எல்லையாக்கப்பட்ட ஆறு

பரமத்தி வேலூரிலிருந்து கரூர் போகும் பேருந்து காவிரிப் பாலத்தில் ஏறும்போது நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. இறங்கும்போது கரூர் மாவட்டத்துக்குள் வந்துவிடுகிறது. மேட்டூருக்குக் கீழே காவிரிக்கு நெடுந்தூரம் இதுதான் வேலை. கிழக்கிலும் வடக்கிலும் சேலமும் நாமக்கல்லும், மேற்கிலும் தெற்கிலும் ஈரோடும் கரூரும். நிலவரைபடத்தில் பார்த்தால் ஆறு இருப்பதே மாவட்டங்களைப் பிரிப்பதற்காகத்தான் என்று தோன்றும்.

இந்த ஆற்றின் இரு மருங்கிலும் பழைய இடிபாடுகள் கிடக்கின்றன. சமணக் குகைப் படுக்கைகள், கோட்டைச் சுவர்கள், நடுகற்கள், ஈமக் குழிகள், அணைக்குள் மூழ்கிய ஊர்கள் என்று அவை பலவகை. ஆற்றுப் பசுமையை விட்டு நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் மானாவாரிக் காடுகளும் கள்ளி வேலிகளும் ஆட்டுப்பட்டிகளுமாக வேறொரு நிலம் தொடங்குகிறது. அங்கே பேருந்து நாளுக்கு இரண்டு முறை வரும் ஊர்கள் இன்னும் உண்டு. இந்த இடிபாடுகளையும் ஊர்களையும் பற்றி எழுதப்பட்டவை கொஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலும் ஒரு கரையைப் பற்றி எழுதியவர் மறுகரையைத் தொடவில்லை. கரூர் வரலாறு தனி, நாமக்கல் வரலாறு தனி, கொடுமணல் தனி, மேட்டூர் தனி என்று கிடக்கிறது.

இதற்கு அடியில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே இருக்கிறது. காவிரி இங்கே எப்போதிலிருந்து எல்லை? கிடைக்கும் சான்றுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது: ஆற்றின் நீளத்துக்கு எல்லை வரைந்தது அண்மைக்காலத்து வேலை. அதற்கு முன்பு எல்லைகள் ஆற்றைக் குறுக்கே வெட்டிப் போயின. இரு கரையும் ஒரே நாட்டில் இருந்தன. இதை மறந்துவிட்டு இடிபாடுகளைப் பார்ப்பதால்தான் பாதி மட்டும் தெரிகிறது.

புகழூர்க் குன்றிலிருந்து

வேலூர்ப் பாலம் தாண்டியதும் வேலாயுதம்பாளையம். அங்கே நிற்கும் சிறு குன்று ஆறுநாட்டார் மலை. மேலே முருகன் கோயில். படியேறுவோரில் பலர் பாறையின் இடுக்குகளிலுள்ள குகைத்தளங்களைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். அங்கே பாறையில் வழவழப்பாகச் செதுக்கிய படுக்கைகள் உள்ளன. அவற்றையொட்டித் தமிழ்ப் பிராமி எழுத்துகள். புகழூர்க் கல்வெட்டுகள் என்று அறிஞர் உலகம் சொல்வது இவற்றைத்தான்.

1960களில் ஐராவதம் மகாதேவன் இவற்றைப் படித்துச் சொன்ன செய்தி தமிழக வரலாற்றின் திருப்பங்களில் ஒன்று. யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்ற மூத்த சமணத் துறவி தங்குவதற்காக இந்த உறைவிடம் வெட்டிக் கொடுக்கப்பட்டது. கொடுத்த காலம், இளங்கடுங்கோ இளவரசனாக ஆன சமயம். அவன் பெருங்கடுங்கோனின் மகன். பெருங்கடுங்கோன் கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன். பாட்டன், தந்தை, மகன் என்று மூன்று தலைமுறைச் சேரர் ஒரே பாறையில் வரிசையாக நிற்கிறார்கள். சங்க நூல்களில் மட்டும் இருந்த பெயர்கள் கல்லிலும் இருக்கின்றன என்று காட்டிய இடம் இது. இன்னொரு கல்வெட்டில் கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி என்பவன் வருகிறான். தன் ஊர்ப் பெயரையும் தொழிலையும் சேர்த்தே எழுதிக்கொண்ட வணிகன் அவன்.

இங்கே நின்று யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. கல்வெட்டின் பெருங்கடுங்கோனும் சங்கப் பாடல்களில் வரும் பாலை பாடிய பெருங்கடுங்கோவும் ஒருவரே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். கலித்தொகையின் பாலைக்கலி அவர் பெயரில்தான் வழங்குகிறது. வறண்ட வழி, நீரற்ற சுனை, கள்வர் காத்திருக்கும் கவலை, பசித்த விலங்கு என்று தமிழில் வறண்ட நிலத்தை முழுமையாகப் பாடியவர் பேராற்றங்கரை அரசர் ஒருவர். இதில் முரண்பாடு ஏதும் எனக்குத் தெரியவில்லை. வைகாசி மாதத்தில் இந்தக் குன்றின் மேல் ஏறிப் பார்த்தால் போதும். ஆற்றை ஒட்டி ஒரு பச்சை நாடா. அதற்கு அப்பால் வடக்கே பரமத்திப் பக்கமும் தெற்கே க. பரமத்திப் பக்கமும் சிவந்து காய்ந்த நிலம். மேற்கு மலைத்தொடரின் மழை மறைவில் கிடக்கும் பூமி இது. கரூரிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போக வேண்டிய வண்டிகள் இந்த நிலத்தின் வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

போயின என்பதற்குக் கொடுமணல் சான்று. நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கிறது. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அங்கே அகழ்ந்தது, கா. ராஜன் பல பருவங்கள் அந்தப் பணியை நடத்தினார். இரும்பு உருக்கிய உலைகள், பளிங்கு, நீலக்கல், பச்சைக்கல் மணிகளை அறுத்துப் பட்டை தீட்டிய பட்டறைகள், பெயர் பொறித்த பானை ஓடுகள் என்று கிடைத்தன. பதிற்றுப்பத்தில் அணிகலனுக்குப் பெயர்பெற்ற ஊராக வரும் கொடுமணம் இதுவே. முசிறித் துறையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த பாதை கொடுமணலைத் தொட்டுக் கரூருக்குப் போனது. அந்தப் பாதையில் வந்த ரோமக் காசுகள் கரூரில் அமராவதி மணலிலிருந்து இன்றுவரை கிடைக்கின்றன. தாலமி தன் நிலநூலில் சேர அரசனின் உள்நாட்டுத் தலைநகர் என்று குறித்தது இந்தக் கருவூரைத்தான் என்பதே என் துணிபும். சேரர் தலைநகரான வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்ற பழைய வழக்கில் ரா. இராகவையங்கார் ஒரு நூலே எழுதிக் கரூருக்காக வாதாடினார். புகழூர்ப் பாறையும் கரூர்க் காசுகளும் அவர் பக்கத்துக்கு வலுச் சேர்த்தன.

காசுகளில் நம் கேள்விக்கு நேராக விடை சொல்லும் ஒன்று இருக்கிறது. கரூரில் கிடைத்த சேரர் காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்டார். மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற பெயர்களோடு கொல்லிப்பொறை, கொல்லிரும்பொறை என்ற பெயர்களும் அவற்றில் உள்ளன. கொல்லிமலை ஆற்றின் வடகரையில், இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. தென்கரைத் தலைநகரில் அடித்த காசில் வடகரை மலையின் பெயரைப் பட்டமாகப் பொறித்துக்கொண்ட அரசனுக்குக் காவிரி எல்லையாக இருந்திருக்க முடியாது. அவன் நாட்டின் நடுவே ஓடிய ஆறு அது. அதியமானின் தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறை படையோடு போன வழியும் இதே ஆற்றைக் கடந்துதான் போயிருக்கிறது.

குறுக்கே ஓடிய எல்லை

அப்படியானால் எல்லை எங்கே இருந்தது? மாயனூருக்கு அருகில் மதுக்கரை என்ற ஊர். சேர, சோழ, பாண்டிய நாடுகள் மூன்றும் சந்திக்கும் இடம் அது என்பது தலைமுறைகளாகச் சொல்லப்படும் செய்தி. அங்கே செல்லாண்டியம்மன் எல்லைத் தெய்வமாக இருக்கிறாள். எதிர்க்கரையில் கொல்லிமலைப் பக்கமிருந்து இறங்கி வந்து காவிரியில் சேரும் கரைபோட்டான் ஆற்றையும் பழைய நாட்டெல்லையாகவே ஊரார் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டால் அது வடக்கிலிருந்து தெற்காக, காவிரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகமும் கொங்கின் கீழ்த்திசை எல்லையாக மதுக்கரையைத்தான் வைக்கிறது. வடக்கே பெரும்பாலை, தெற்கே பழனி, மேற்கே வெள்ளிமலை. இந்த நான்கு எல்லைகளில் காவிரி எங்குமே இல்லை. நாட்டின் மிகப்பெரிய ஆறு எல்லையாகச் சொல்லப்படாததை நாம் இதுவரை போதிய அளவு கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன். வட எல்லையான பெரும்பாலையில் தொல்லியல் துறை 2022இல் அகழாய்வு செய்து பழைய வாழ்விடத்தைக் கண்டது. இந்த எல்லைப் புள்ளிகள் வெறும் பாட்டுக் கற்பனை இல்லை என்பதற்கு அதுவும் ஒரு துணை.

உள்நாட்டுப் பிரிவுகளும் இதையே காட்டுகின்றன. கொங்கு இருபத்துநான்கு நாடுகளாகப் பிரிந்திருந்தது என்பார்கள். அவற்றில் பூந்துறை நாடு காவிரியின் இருபுறமும் இருந்தது. ஈரோட்டுப் பக்கம் மேல்கரைப் பூந்துறை நாடு, திருச்செங்கோட்டுப் பக்கம் கீழ்கரைப் பூந்துறை நாடு. அரைய நாடும் இப்படியே மேல்கரை, கீழ்கரை என்று வழங்கியது. தேவாரம் பெற்ற கொங்கு ஏழு தலங்களும் கரை பார்க்கவில்லை. திருச்செங்கோடு இக்கரையிலும் கொடுமுடியும் கரூரும் வெஞ்சமாங்கூடலும் அக்கரையிலும் இருக்கின்றன, பவானி கூடுதுறையில். ஈரோட்டுக்குக் கீழே காங்கயம்பாளையத்தில் ஆற்றுக்கு நடுவே, தீவுப் பாறை மேல் நட்டாற்றீசுவரர் கோயில் இருக்கிறது. இரண்டு கரை மக்களும் அந்தக் கோயிலுக்கு வருகிறார்கள். வேலூர், மோகனூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் குலதெய்வம் கரூர்ச் சீமையில் இருப்பது இன்றும் வழக்கம். பெண் கொடுத்ததும் எடுத்ததும் பரிசல் ஏறித்தான் நடந்தன.

கோட்டைகள்? அவை எல்லைக்குச் சான்றாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டி முதலிகளின் சங்ககிரியும் மேட்டூர்ப் பக்கத்துக் காவிரிபுரமும் நாமக்கல் பாறைக் கோட்டையும் பரமத்தியும் கரூரும் ஆற்றை ஒட்டிய சங்கிலியாகத்தான் தெரிகின்றன. ஆனால் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மதுரை நாயக்கர்களும் மைசூர்க்காரர்களும் மோதிய போதும், பின்பு மைசூரும் திருச்சியும் மோதிய போதும் சண்டை மேற்குக்கும் கிழக்குக்கும் இடையே நடந்தது. கரூர்க் கோட்டை மைசூரின் கிழக்கு முனை. அந்தக் கோட்டைகள் காவல் காத்தது ஆற்றோடு வரும் பாதையை. கணவாயிலிருந்தும் மலைகளிலிருந்தும் இறங்கிச் சமவெளிக்குப் போகும் படையை நிறுத்துவதற்காக வைத்தவை அவை. எதிர்க்கரையை நோக்கி வைத்தவை என்று கொள்ள இடமில்லை.

நாமக்கல் பாறையைப் பற்றி ஒரு வார்த்தை. பலரும் மேலே உள்ள கோட்டைக்காக ஏறுகிறார்கள். அதன் இருபுறமும் அதியன் குணசீலன் குடைவித்த நரசிம்மர், ரங்கநாதர் குடைவரைகள்தான் அந்த ஊரின் உண்மையான செல்வம். பல்லவர், பாண்டியர் குடைவரைகளை எழுதித் தள்ளும் நம் நூல்கள் அதியர் குடைவரைகளுக்கு இரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொள்கின்றன.

ஏழு ஆண்டுகள்

காவிரி மெய்யாகவே நாட்டெல்லையாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் சேலத்தையும் பாரமகாலையும் கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, விட்டுக்கொடுத்தார். கோயம்புத்தூர்ச் சீமையும் அதைச் சேர்ந்த கரூரும் அவரிடமே இருந்தன. 1790இல் ஜெனரல் மெடோஸ் பிடித்திருந்த கரூர் திரும்பவும் மைசூருக்குப் போனது. ஆக 1792 முதல் 1799 மே மாதம் சீரங்கப்பட்டணம் விழும் வரை, வேலூர்க் கரையில் நின்றவர் கும்பினி ஆட்சியில் நின்றார். எதிரே தெரிந்த புகழூர்க் குன்று மைசூர் அரசில் இருந்தது. இக்கரையில் கும்பினி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர்களும் நிலத்தை அளந்து, பின்னாளில் ரயத்துவாரி என்று பெயர் பெற்ற முறைக்கு அடி போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கரையில் திப்புவின் அமில்தார்கள் வரி வாங்கினார்கள்.

ஏழே ஆண்டுகள்தான். ஆனால் அந்தக் கோடு அழியவில்லை. 1799இல் இரு கரையும் கும்பினியிடம் வந்தபின் அது சேலம், கோயம்புத்தூர் ஜில்லாக்களின் எல்லையாக நின்றது. போர் முடிந்து எழுதிய உடன்படிக்கையின் கோடு நிர்வாகத்தின் கோடாக இறுகிவிட்டது.

இது அறிவைப் பிரித்த விதம் இன்னும் கவலை தருவது. லெ ஃபானுவின் சேலம் கையேடு 1883இல் வந்தது. நிக்கல்சனின் கோயம்புத்தூர்க் கையேடு 1887இல். இரண்டுமே உழைப்பாலும் நுணுக்கத்தாலும் மதிக்கத்தக்கவை. ஆனால் ஒவ்வொன்றும் தன் ஜில்லாவின் கரையோடு முடிந்துவிடுகிறது. 1910இல் நாமக்கல் தாலுக்காவும் கரூர் தாலுக்காவும் திருச்சி ஜில்லாவில் சேர்க்கப்பட்டன. நாமக்கல் 1929இல் சேலத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகள் வேலூரும் புகழூரும் ஒரே ஜில்லாவில் இருந்தன. அந்த ஒரு வாய்ப்பும் ஏட்டில் ஏறாமல் போனது: ஹெமிங்வேயின் திருச்சிக் கெசட்டியர் 1907லேயே வந்துவிட்டது, ரிச்சர்ட்ஸின் சேலம் கெசட்டியர் வந்த 1918இல் நாமக்கல் சேலத்திலேயே இல்லை. பிறகு 1979இல் ஈரோட்டை மையமாகக் கொண்ட பெரியார் மாவட்டம், 1995இல் கரூர், 1997இல் நாமக்கல். மாவட்டம் சிறுக்கச் சிறுக்க அதன் வரலாற்று நூலும் சிறுத்தது. நாமக்கல் மாவட்டத்துக்கென எழுதும் ஒருவர் ஆறுநாட்டார் மலையை விட்டுவிட வேண்டியிருக்கிறது. அந்த மலை வேலூர்க்காரர் வீட்டு மாடியிலிருந்து தெரிகிறது.

ஆற்றை எல்லையாக்குவது உலகம் முழுவதும் நடந்த ஒன்று. 1848 உடன்படிக்கையில் ரியோ கிராண்டே ஆறு அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் எல்லையாக்கப்பட்டது. அதற்கு முன் அந்தப் பாலை ஆற்றின் இரு கரைகளும் ஒரே சமூகத்தின் வயல்களும் மேய்ச்சலுமாக இருந்தவை. ஆறு எல்லையாக நிற்கச் சம்மதிக்கவில்லை. 1864 வெள்ளத்தில் எல் பாசோ அருகே அது தடம் மாற, சமிசால் என்ற துண்டு நிலத்துக்காக இரு நாடுகளும் 1963 வரை வழக்காடின. காவிரி இங்கே அவ்வளவு அலைவதில்லை. ஆனால் அதன் நடுத்திட்டுகள் எந்த மாவட்டம் என்ற சச்சரவு இரு கரைக்காரருக்கும் தெரிந்ததுதான்.

வாய்க்காலுக்கு மேலே

ஆறு எல்லை இல்லை என்றால் இந்தச் சீமையில் எல்லையே இல்லையா? இருக்கிறது. அது ஆற்றுக்கு வெளியே, வாய்க்காலில் இருக்கிறது.

ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே படுகை அணை. அங்கிருந்து பிரியும் ராஜா வாய்க்காலைப் பரமத்தியை ஆண்ட அல்லாள இளைய நாயகர் வெட்டினார் என்பது இந்தப் பக்கத்து மக்கள் நன்றியோடு சொல்லும் செய்தி. அரசும் அவருக்கு ஜேடர்பாளையத்தில் நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறது. ராஜா வாய்க்கால், குமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால் என்று கிளைத்து, கரைக்கு இணையாக மோகனூர் வரை தண்ணீர் போகிறது. எதிர்க்கரையில் புகழூர் வாய்க்காலும் வாங்கல் வாய்க்காலும் அதே வேலையைச் செய்கின்றன. இந்த வாய்க்கால்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ளது வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு, தென்னை. வேலூர் வெற்றிலையும் பிலிக்கல்பாளையம் சந்தை வெல்லமும் இந்த ஒடுங்கிய நிலத்தின் விளைச்சல்.

வாய்க்காலின் மேல்கரையில் ஒரு காலை வைத்தால் நிலம் மாறுகிறது. மேட்டுக்காடு. சோளம், நிலக்கடலை, ஆமணக்கு, மரவள்ளி. கிணறு ஆழமாகி, பிறகு ஆழ்துளையாகி, ஆயிரம் அடியையும் தாண்டி இறங்கிய பூமி. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போய்த் துளை போடுகின்றன என்றால், அந்தத் தொழில் இங்கே பிறந்ததற்குக் காரணம் இந்த மேட்டுக்காட்டின் தாகமே. தெற்கே க. பரமத்தி, காங்கயம் பக்கம் இன்னொரு விடை கண்டார்கள். கிளுவை வேலி போட்டு, வெள்வேல மரம் விட்டு, கொழுக்கட்டைப் புல் வளரவிட்ட கொரங்காடுகள். காங்கயம் மாடு வளர்ந்தது அந்தப் புல்லில். மழை பொய்க்கும் நிலத்தில் உழவை அளவாக்கி மேய்ச்சலை நிலைப்படுத்திய அறிவு அது. அதைப் பழங்கால மிச்சமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆழ்துளைக் கிணறு வற்றிய பிறகும் கொரங்காடு இருக்கிறது.

தொன்மைச் சின்னங்களைத் தேடிப் போகிறவருக்கு இந்த வாய்க்கால் கோடு முக்கியம். வாய்க்காலுக்குக் கீழே மனிதர் விடாமல் குடியிருந்து, உழுது, பழையதன் மேல் புதியதைக் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அங்கே பழமை வண்டலுக்கும் வீடுகளுக்கும் அடியில் கிடக்கிறது. வாய்க்காலுக்கு மேலே நிலம் உழப்பட்டதும் குறைவு, புதிதாகக் கட்டியதும் குறைவு. அதனால் பாண்டவர் குழி என்று ஊரார் சொல்லும் ஈமச் சின்னங்களும், புலிகுத்திக் கற்களும், போரில் மாண்டவருக்கு நட்ட நடுகற்களும் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கின்றன. அவை பலவற்றுக்கு இன்றும் பூசை உண்டு. ஆடு மேய்க்கும் பெரியவரைக் கேட்டால் எந்தக் காட்டில் எந்தக் கல் இருக்கிறது, யார் வீட்டார் பொங்கல் வைப்பார்கள் என்று சொல்வார். அந்தப் பெரியவர்களின் நினைவுதான் இப்போதைக்கு நம்மிடம் இருக்கும் முழுமையான பட்டியல். கல் உடைக்கும் குவாரியும் மனை பிரிப்போரும் அதே மேட்டுக்காட்டுக்குத்தான் வருகிறார்கள் என்பதால் இந்தப் பட்டியலுக்கு நாள் குறைவு.

நீரும் மணலும் கொண்டுபோனவை

மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934 ஆகஸ்ட் 21இல் திறக்கப்பட்டது. நீர் நிறைந்தால் 120 அடி, கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கனஅடி. அந்த நீருக்குள் காவிரிக்கரை ஊர்கள் பல போயின. பண்ணவாடியில் சலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் அணை எழுபது, எண்பது அடிக்குக் கீழே இறங்கும் ஆண்டுகளில் வெளியே தெரியும். பரிசலில் போய்ப் பார்க்கக் கூட்டம் சேரும். செய்தித்தாளில் படம் வரும். தண்ணீர் ஏறியதும் பேச்சும் அடங்கிவிடும். டெல்டாவின் நெல்லுக்காக இடம்பெயர்ந்த அந்த ஊர்களின் கதை அணையின் கதையில் ஒரு வரியாக நின்றுபோனது.

ரியோ கிராண்டேயிலும் இது நடந்தது. 1953இல் ஃபால்கன் அணை நிரம்பியபோது மெக்சிகோக் கரையில் குவெரெரோ என்ற பழைய ஊர் மூழ்கியது. வறட்சி வரும்போதெல்லாம் அதன் மாதாகோயில் வெளியே வருகிறது. அங்கே அந்த இடிபாட்டைப் படம்பிடித்தும் அளந்தும் நூல்கள் வந்துள்ளன. பழைய குடும்பங்கள் தம் ஊருக்குத் திரும்பிப் போய் வழிபடுகின்றன. பண்ணவாடிக்கும் அப்படியொரு முறையான ஆவணம் வேண்டும். நீர் இறங்கும் ஒவ்வொரு முறையும் கல் இன்னும் கொஞ்சம் அரிபட்டுத்தான் வெளியே வருகிறது.

அணைக்குக் கீழே சேதம் வேறு வகை. கரூர் அமராவதியில் மணலைச் சலித்துக் காசு எடுப்பது ஒரு பிழைப்பாகவே இருந்திருக்கிறது. சேரர் காசும் ரோமக் காசும் மோதிரங்களும் வெளியே வந்தது பெரும்பாலும் அப்படித்தான். சேகரித்த அன்பர்கள் இல்லையென்றால் அவையும் உருக்குப் பட்டறைக்குப் போயிருக்கும். ஆனாலும் எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்ற செய்தி போய்விட்டது. தொல்லியல் துறை நாகசாமி பொறுப்பில் இருந்த 1970களில் கரூரில் தோண்டியது நகரத்தின் சிறு பகுதியை மட்டும். காவிரியிலோ பல பத்தாண்டுகள் லாரி லாரியாக மணல் போனது. பழைய துறைகள் இருந்த இடங்களில் என்னென்ன இருந்தன என்று இனிக் கேட்க முடியாத அளவுக்குப் போனது. கொடுமணலுக்கு அருகே நொய்யலில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனம் தருவதை விட்டுத் திருப்பூர்ச் சாயக்கழிவைத் தேக்கி வைத்தது. அந்தத் தண்ணீர் நொய்யல் வழியே காவிரியில்தான் கலந்தது. திருமணிமுத்தாறு சேலத்துக் கழிவைச் சுமந்துகொண்டு நன்செய் இடையாற்றில் வந்து சேருகிறது. வரலாறு வேறு, சுற்றுச்சூழல் வேறு என்று பிரித்துப் பேச இந்த ஆறு இடம் கொடுக்கவில்லை.

இவ்வளவையும் ஒன்றாகப் பார்க்க ஒரு வேலை செய்யலாம். பெரிய செலவும் ஆகாது. காங்கயம்பாளையத்து நட்டாற்றுக் கோயிலில் தொடங்கி மதுக்கரை வரை இரு கரையையும் சேர்த்துக் களஆய்வு. ஆற்று வழியில் எண்பது கிலோமீட்டருக்கு மிகாது. முதலில் துறைகளைக் குறிக்க வேண்டும்: பரிசல் எங்கிருந்து எங்கே போனது, வண்டிகள் கோடையில் எந்த மணலில் இறங்கின என்று. பாலங்கள் வந்தபின், மோகனூருக்கும் வாங்கலுக்கும் இடையேகூடப் பாலம் வந்துவிட்டபின், பரிசல்காரர்களில் பலருக்கு வேறு பிழைப்பு. துறை அறிந்தவர்களுக்கு எழுபது வயதுக்கு மேல். அடுத்து ஒவ்வொரு துறையிலிருந்தும் இருபுறமும் வாய்க்கால் கடந்து மேட்டுக்காட்டுக்குள் பத்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். துறையும் நடுகல்லும் குகைப் படுக்கையும் ஒரே பாதையில் வருகின்றனவா என்று அப்போது தெரியும். வரும் என்பது என் எதிர்பார்ப்பு. செங்காயபன் தங்கிய குன்று ஆற்றைக் கடப்பவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் இருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

நாமக்கல், கரூர், ஈரோடு மூன்று மாவட்டங்களிலும் கல்லூரி வரலாற்றுத் துறைகள் உள்ளன. ஊர்தோறும் போய்க் கல்வெட்டுப் படியெடுக்கும் ஆர்வலர்களும் இருக்கிறார்கள். மேட்டூரில் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய வைகாசி வாரங்களில் ஆற்றுப் பாறைகளும் திட்டுகளும் பழைய துறைகளும் வெளியே இருக்கும். மேட்டுக்காட்டில் செடிகொடி காய்ந்து கற்கள் தெளிவாகத் தெரியும். மூன்று மாவட்டக் குழுக்களும் அந்த வாரங்களில் மாவட்டக் கோடு இல்லாத ஒரே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கலாம்.